பாஸ்வேர்ட் போட வாங்க சார்

6-1-1997, திங்கள்

இன்று நாற்பத்தொரு முறை. புது ரெக்கார்டு.

நூறு வருஷம் கழித்து யாராவது இதைப் படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். வெளியூருக்குப் போன் பேசும் எஸ்.டி.டி. பூத்தில் சிவப்பு எழுத்தில் ரூபாய் ஓடுமே, அந்த மீட்டருக்குள் இருக்கும் கார்டைச் செய்வது எங்கள் கம்பெனி. சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை, முதல் மாடி. கார்டுக்குள் என்ன கோளாறு என்று எட்டிப் பார்க்க உள்ளங்கை அளவில் ஒரு அடாப்டர். அதன் ஒரு வால் கார்டில், இன்னொரு வால் கம்ப்யூட்டரின் முதுகில் உள்ள போர்ட்டில். கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். அது பொல்லாத ஆள், கண்டவரையும் அந்தப் போர்ட்டைத் தொட விடாது. ரூட் என்கிற பெரிய லாகினுக்கு மட்டும் வழி விடும். ரூட்டின் பாஸ்வேர்ட் இந்த உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். சிஸ்டம் இன்சார்ஜ் கேசவன். அதாவது நான்.

கார்டு மக்கர் செய்தால் புரோகிராம் விழுந்துவிடும். விழுந்தால் மறுபடி பாஸ்வேர்ட். "சார், பாஸ்வேர்ட் போட வாங்க!" என் மேஜையிலிருந்து டெஸ்டிங் பெஞ்சுக்கு இருபத்திரண்டு அடி. நடந்தே உடம்பு இளைத்துவிட்டது என்று சொன்னால் வீட்டில் சாவித்ரி நம்ப மாட்டேன் என்கிறாள்.

இன்று புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். தபீதாள். சேலையூர், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இடது கையால் கீபோர்டை மூடிக்கொண்டு நான் வலது கையால் அடிப்பதை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பார்க்கட்டும்.

7-1-1997

முப்பத்தாறு. மந்தம்.

9-1-1997, வியாழன்

வீட்டுக்கு வர எட்டே முக்கால். தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கவர். சாவித்ரியின் பாங்கிலிருந்து. ஆபீசர் பதவிக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். பிப்ரவரி பத்து முதல் மூன்று வாரம் ஹைதராபாத்தில் பயிற்சி.

இது மூன்றாவது முறை. இதற்கும் வரவில்லை என்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், அப்புறம் ரிட்டயர் ஆகும்வரை கிளார்க்தான் என்று மேனேஜர் சொன்னாராம்.

"என்ன செய்யலாம்?" என்றாள்.

என்ன செய்வது? பாப்பாவுக்குப் பதினைந்து வயது, மார்ச்சில் பத்தாவது பரீட்சை. அவள் டியூஷன் முடிந்து வரும்போது பெருங்களத்தூர் வீட்டில் ஒருத்தர் இருக்க வேண்டும். பெஞ்ச் ராத்திரி எட்டு வரை ஓடுகிறது, பெஞ்ச் ஓடும்வரை நான் அங்கே இருந்தாக வேண்டும். இதைப் போன இரண்டு தடவையும் சொல்லியாகிவிட்டது. இப்போதும் சொன்னேன். அவள் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

10-1-1997, வெள்ளி

தபீதாள் சேர்ந்து ஒரு வாரம் ஆகவில்லை, கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

"சார், இந்த அடாப்டருக்கு எதுக்கு ரூட்?"

பாதுகாப்பின் அவசியத்தைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். நம்ம ஜெயவேலு ஒரு காலத்தில் ரூட்டில் இருந்துகொண்டு ஃபைல்களோடு ஒரு டைரக்டரியையே துடைத்த கதையையும் சொன்னேன். ஜெயவேலு பெஞ்சில் எல்லோருக்கும் சீனியர். கதை முடியும்வரை தலையைக் குனிந்து ஈயம் வைத்துக்கொண்டிருந்தான்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "போர்ட்டுக்குன்னு தனியா ஒரு குரூப் ஆரம்பிச்சு, நம்ம பேரையெல்லாம் அதுல சேத்துட்டா போதுமே சார். ரூட்டே வேணாம். ரெண்டு வரிதானே?"

"இது காலேஜ் லேப் இல்லம்மா" என்றேன்.

நல்ல பதில்தான். ஆனால் அதற்கப்புறம் நாள் பூராவும் ஒரு மாதிரியாக இருந்தது.

11-1-1997, சனி

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அலமாரியிலிருந்து அடாப்டரோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். போர்ட், குரூப் எல்லாம் இருக்கிற பக்கத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்தின் மூலை மடித்திருந்தது.

மடித்தது நான். 95-ல், அடாப்டர் வந்த வாரம். "அப்புறம் செய்யலாம்" என்று.

மறந்துபோனேன் என்று எழுத ஆசைதான். இது என் சொந்த டைரி, யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் எழுத வரமாட்டேன் என்கிறது. மறக்கவில்லை. அந்த வாரம்தான் ஓனரே மேஜைக்கு வந்து, "கேசவா, பாஸ்வேர்டு போட வாய்யா" என்று தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை அந்த ஆபீசில் எனக்கு என்ன வேலை என்று எனக்கே சரியாகத் தெரியாது.

14-1-1997, பொங்கல்

பொங்கல் பொங்கியது, கரும்பு இனித்தது. பக்கத்து வீட்டு டேப்பில் காலை ஐந்திலிருந்து பாட்டு.

சாயங்காலம் சாவித்ரி பேப்பரும் பேனாவும் கொண்டு வந்து வைத்தாள். "வர முடியலைன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. உங்க இங்கிலீஷ்தான் நல்லா இருக்கும்."

போன இரண்டும் நான் எழுதியவைதான். 'தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை காரணமாக.' 95-ல் ஒன்று, 96-ல் ஒன்று. இரண்டாவதை அவளுக்குச் சத்தமாகப் படித்தே காட்டினேன். நடையைப் பற்றிப் பெருமை வேறு.

பேனா மூடியைத் திறந்தேன். மூடினேன். இரண்டு வரி, இரண்டு வருஷம். வரிக்கு ஒரு வருஷமா? என்ன மனுஷன் நான்!

"நீ போயிட்டு வா" என்றேன்.

"விளையாடாதீங்க."

"நிஜமாத்தான். நான் லீவு போடறேன்."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை.

20-1-1997, திங்கள்

ஓனரிடம் மூன்று வாரம் லீவு கேட்டேன். பொன்னுரங்கம் சார் பல்லாவரத்தில் நிலம் விற்ற பணத்தில் கம்பெனி ஆரம்பித்தவர், சத்தமாகப் பேசிப் பழக்கம்.

"இன்னாய்யா வெளையாட்றியா? மூணு வாரமா? நீ இல்லாங்காட்டி இங்க எவன்யா பாஸ்வேர்டு போட்றது? கம்பெனிக்கு நீதான்யா கையி காலு எல்லாம்."

சட்டைக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆமாம், இருந்தது. அந்தப் பாழாய்ப்போன சந்தோஷத்துக்காகத்தானே இவ்வளவும்? ஒரு நிமிஷம் "சரி சார், லீவு வேணாம்" என்று வாய்வரை வந்துவிட்டது.

"ஓடும் சார். நான் ஒரு ஏற்பாடு பண்ணிட்டுப் போறேன்" என்றேன்.

"பெஞ்சு நின்னுதுன்னு வெச்சிக்கோ, வூட்டுக்கே வண்டி அனுப்புவேன், ஆமா."

27-1-1997

ஏற்பாட்டை நாளை செய்ய வேண்டும். முப்பத்தெட்டு.

28-1-1997

நாளை.

31-1-1997, வெள்ளி

சாவித்ரிக்கு ரிசர்வேஷன் ஆகிவிட்டது. எட்டாம் தேதி சனிக்கிழமை, சென்ட்ரல், மாலை ஆறு மணி வண்டி. பாப்பா அம்மாவுக்கு இரண்டு ரஃப் நோட்டு வாங்கி அட்டை போட்டு வைத்திருக்கிறாள்.

இன்று நாற்பத்து நான்கு. பழைய ரெக்கார்டு காலி. ஒவ்வொரு முறை எழுந்து போகும்போதும் இதுதான் கடைசி வாரம் என்று தோன்றியது. நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினேன்.

3-2-1997

நாளை கண்டிப்பாக.

7-2-1997, வெள்ளி

செய்தாகிவிட்டது. ஏழு நிமிஷம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் செய்தேன்.

குரூப் ஒன்று ஆரம்பித்து, போர்ட்டை அதன் பேரில் எழுதி, எட்டுப் பேர் பெயரையும் சேர்த்தேன். மூன்று கம்ப்யூட்டரிலும் அப்படியே. அடாப்டரைச் சொருகி ஓட்டினேன். மூன்றிலும் முதல் தடவையே கார்டு வாயைத் திறந்து பதில் சொன்னது. டெஸ்டிங் முடிந்தது.

தபீதாள் பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "எங்க லாகின்ல ஓட்டிப் பாத்தீங்களா சார்?"

"எல்லாம் பாத்தாச்சும்மா." எனக்கே பாடம்!

எல்லோருக்கும் என் செலவில் போண்டாவும் காபியும். ஜெயவேலு கண் கலங்கினான், அல்லது போண்டாவில் மிளகாய் அதிகம்.

8-2-1997, சனி

சாவித்ரியை வண்டி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலை பத்தரைக்கு போன். ஜெயவேலு.

"சார், மோசம் போச்சு சார். பர்மிஷன் டினைட்டுன்னு வர்து. மூணு பெஞ்சும் நின்னுகினு கீது. சாய்ந்தரம் லாரிக்கு அறுபது கார்டு போவணும். ஓனரு கத்திகினு கீறாரு. வண்டி அனுப்பவான்னு கேக்குறாரு."

பயமாகத்தான் இருந்தது. அதுக்கும் அடியில் ஒரு மூலையில் இன்னொன்றும் இருந்ததே, அதையும் எழுதிவிடுகிறேன். பார்த்தாயா, நான் இல்லாமல் ஓடவில்லை!

"வண்டி வேணாம், நானே வரேன்" என்று வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். "ஒரு மணி நேரம்தான். போனேன் வந்தேன்னு வந்துடுவேன்." ஸ்கூட்டர் சாவி கையில்.

ஹாலில் சாவித்ரியின் பெட்டி திறந்து கிடந்தது. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. குனிந்து பெட்டியிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் பாத்ரூமில் பழைய இடத்தில் வைத்தாள். திரும்பி வந்து டூத் பிரஷ்ஷை எடுத்தாள். அதையும் கொண்டு போனாள். அப்புறம் டிக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் படித்தாள். "கேன்சல் பண்ண நாலு மணி வரைக்கும் டைம் இருக்கும்னு நினைக்கறேன்" என்றாள், ரேஷன் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பது மாதிரி.

அவ்வளவு பழகிப்போயிருக்கிறது அவளுக்கு. சாவியைக் கீழே வைத்தேன். மோடாவில் உட்கார்ந்து போனைச் சுழற்றினேன்.

"தபீதாளைக் கூப்பிடு... அம்மா, எழுதிக்கோ. ரூட் பாஸ்வேர்ட்."

அவள் பேப்பர் தேடும் சத்தம் கேட்டது.

"எல்லாம் சின்ன எழுத்து. டி, எம், எக்ஸ். நாலு, ஏழு, ஒண்ணு, ரெண்டு."

எழுதி முடித்ததும் கேட்டாள்: "சார்... இது உங்க ஸ்கூட்டர் நம்பர்தானே?"

இரண்டு வருஷம் கையால் மூடி மூடி அடித்தேன். ஆபீஸ் வாசலில், மஞ்சள் பெயின்ட்டில், தினமும் காலை எட்டரையிலிருந்து நின்றுகொண்டிருந்திருக்கிறது. யாரோ சிரித்தார்கள். ஜெயவேலுவாகத்தான் இருக்கும்.

ஐந்து நிமிஷம் லைனிலேயே இருந்தேன். அந்தப் பெண் கெட்டிக்காரி.

"ரூட்ல ஓடுது சார். நேத்து நீங்க ரூட்லதான் டெஸ்ட் பண்ணியிருப்பீங்க."

"ஹூம்."

"குரூப் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா லாக்-அவுட் பண்ணிட்டுத் திரும்ப உள்ள வந்தாதான் புது குரூப்பை எடுத்துக்கும். நேத்து யாருமே லாக்-அவுட் பண்ணல. ஸ்க்ரீனை மட்டும் அணைச்சுட்டுப் போயிருக்காங்க."

"ஏன் பண்ணல?" என்று அதட்டினேன்.

"உங்க அறிவிப்பு ஒட்டியிருக்கே சார், ஒவ்வொரு மானிட்டர் மேலயும். 'யாரும் லாக்-அவுட் செய்யக் கூடாது. உத்தரவுப்படி, கேசவன்.' ஜெயவேலு அண்ணா கீபோர்டைத் தொட விட மாட்டேங்கறார்."

ஒட்டியது நான்தான். 95-ல் இதே ஜெயவேலு தன் பாஸ்வேர்டை மறந்துபோய் அழாக்குறையாக நின்றான். அன்றைக்கு லாமினேஷன் செய்து ஒட்டினேன். நிற்காத கம்ப்யூட்டர், வெளியே வராத ஆட்கள். என் குரூப் எப்படி உள்ளே போகும்?

"கிழிச்சுடு. என் பேரைச் சொல்லிக் கிழி."

"லாமினேஷன் சார், கிழியாது."

"பிச்சாவது எறி!"

ஜெயவேலுவுக்கு இப்போதும் அவன் பாஸ்வேர்ட் ஞாபகமில்லை. தபீதாள் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தாள். வெளியே வந்தான், உள்ளே போனான், அடாப்டர் பதில் சொன்னது. பின்னால் ஓனர் "ஓட்து, ஓட்து!" என்று கத்தினார்.

"ரூட் பாஸ்வேர்டை உடனே மாத்தும்மா. கவர்ல போட்டு ஒட்டி ஓனர்கிட்ட குடுத்துடு" என்றேன்.

"உங்களுக்கு என்னன்னு சொல்லட்டுமா சார்?"

"வேணாம்."

போனை வைத்துவிட்டு நேரே பாத்ரூமுக்குப் போய் சோப்பு டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்து பெட்டியில் வைத்தேன். எந்த மூலையில் இருந்தது என்று தெரியவில்லை. அவள் எடுத்துச் சரியான மூலையில் வைத்தாள். இரண்டே முக்காலுக்கு ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம்.

10-2-1997, திங்கள்

சாம்பார் வைத்தேன். ரசமாக வந்தது. பாப்பா ரசமாகவே பாவித்துச் சாப்பிட்டாள்.

ஆபீசிலிருந்து போன் வரவில்லை.

11-2-1997

தண்ணி லாரி வந்தது. குடத்தோடு ஓடும்போது உள்ளே போன் அடிக்கிற மாதிரி இருந்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பக்கத்து வீட்டு டி.வி.

12-2-1997, புதன்

பொறுக்க முடியவில்லை, நானே ஆபீசுக்குப் போன் அடித்தேன். அலமாரிச் சாவி எங்கே வைத்தேன் என்று கேட்பது போல. ஜெயவேலு எடுத்தான்.

"சாவி டிராயர்லதான் கீது சார். இங்க ஒரு பேஜாரும் இல்ல, ஷோக்கா ஓடுது. நீங்க பாப்பாவைப் பாருங்க. சார், ஒரு கார்டு கையில கீது, வெக்கட்டா?"

வைத்துவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயசு ஆள், வெங்காயம்கூட நறுக்கவில்லை.

16-2-1997, ஞாயிறு

சாவித்ரி பூத்திலிருந்து பேசினாள். வகுப்பில் முப்பது பேரில் ஐந்து பேர்தான் பெண்கள். லோன் பேப்பரில் ஒரு தப்பை அவள் ஒருத்திதான் கண்டுபிடித்தாளாம். இப்படிக் குரல் உயர்த்திச் சிரித்து அவள் பேசி நான் கேட்டு எத்தனை நாள் ஆகிறது!

அதனால்தான் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"சாவித்ரி, அந்த ஆபீஸ் வேலை... அது ரெண்டு வரிதான். தொண்ணூத்தஞ்சுலயே எனக்குத் தெரியும். புஸ்தகத்துல பாத்து மடிச்சு வச்சிருந்தேன்."

பூத் வாசலில் ஹாரன் சத்தம்.

"அப்ப முதல் லெட்டருக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

"மீட்டர் ஓடுது. வைக்கறேன்."

23-2-1997, ஞாயிறு

போன் வந்தது. பாப்பாவிடம் பேசினாள். பாப்பா என்னைப் பார்த்தாள். "அம்மா வச்சுட்டாங்கப்பா" என்றாள்.

1-3-1997, சனி

சென்ட்ரலுக்குப் போய் அழைத்து வந்தேன். பெட்டியை நான் தூக்கினேன். வகுப்பு, ஹாஸ்டல் சாப்பாடு, ஊர் வெயில் எல்லாம் சொன்னாள். போனில் நான் சொன்னதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. பயம்தான்.

3-3-1997, திங்கள்

ஆபீஸ். ஒரு முறைகூட இல்லை. பூஜ்யம்.

பத்து மணிக்கு எழுந்து பெஞ்சுக்குப் போய் நின்றேன். எல்லோரும் "வாங்க சார்" என்றுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மானிட்டர்கள் மேல் கோந்துத் தழும்பு மட்டும் இருக்கிறது. தபீதாள் பாவம் பார்த்து, கோளாறான கார்டு ஒன்றைக் கொடுத்தாள். என் சொந்த லாகினிலேயே அடாப்டரை ஓட்டி உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் கோளாறு கிடைத்தது. உட்கார்ந்து வேலை செய்து எத்தனை நாள்! ஐந்து மணிக்குக் கிளம்பினேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

9-3-1997, ஞாயிறு

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ரெண்டு லெட்டரையும் நீங்கதானே எழுதினீங்க."

"ஆமா."

"நல்லா எழுதியிருந்தீங்க."

திட்டியிருக்கலாம். தட்டை எறிந்திருக்கலாம். பேப்பரில் எந்தப் பக்கம் படித்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

8-6-1997, ஞாயிறு

மூன்று மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்பதில்லை, வேலை இருக்கிறது. தினம் நாலைந்து கார்டு சரி செய்கிறேன். பாப்பா பத்தாவதில் நானூற்று முப்பத்தேழு மார்க். என் சாம்பார் இப்போது சாம்பார்தான்.

காலையில் பால்காரர் பாக்கெட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்: "சார், அக்கா அடுத்த வாரம் தருமபுரிக்குப் போறாங்களாமே? ஆபீசராய்ட்டாங்களாம்? இனிமேட்டு ஒரு பாக்கெட் போதுமா, ரெண்டே போடவா?"

பாலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய்க் கேட்டேன்.

"ஆமா" என்றாள் சாவித்ரி. "வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்துது. பதினாறாம் தேதி ஜாயின் பண்றேன். ரூம் பாத்தாச்சு. மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை வருவேன். பாப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"என்கிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி. போகாதே என்று நான் சொன்னாலும் போகப் போகிறவள், போ என்று சொன்னாலும் போகப் போகிறவள். இருபது வருஷத்தில் இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. வலிக்கவும் வலித்தது. இரண்டும் ஒரே இடத்தில்.

பால்காரர் வாசலில் இன்னும் நின்றுகொண்டிருந்தார். போய், ஒன்று போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.